பயனியர்டவுன் மணல் தெருவில் வீல்சேர் ஓடுமா?

பாலைத்தடம்:
கலிபோர்னியாவில் யக்கா வேலி என்ற ஊருக்கு மேலே இருக்கும் பயனியர்டவுனுக்கு அம்மாவை அழைத்துப்போகிறோம். 1946-இல் கௌபாய் படம் எடுக்கவென்றே கட்டிய ஊர். மேன் தெருவில் இன்றும் தார் கிடையாது, வண்டியும் விடுவதில்லை. அம்மாவால் பத்தடிக்கு மேல் நடக்க முடியாது. கைவசம் இருப்பது நான்கும் சிறு சக்கரமாக உள்ள மடக்கு நாற்காலி. போதுமா? கடைக்குள் எப்படி ஏற்றுவது?

அச்சாணி:
அதை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். உலர்ந்த மணலில் சிறு சக்கரம் உருளாது, உழும். புதைந்தது தெரியாமல் பின்னாலிருந்து வேகமாகத் தள்ளினால் அம்மா முன்பக்கம் விழுந்துவிடுவார்.

பின்சக்கரம் 24 அங்குலம் உள்ளதை வாடகைக்கு எடுங்கள். மணல் இளகிய இடத்தில் நாற்காலியைத் திருப்பிப் பின்னோக்கி இழுங்கள். பெரிய சக்கரம் வழி போட, சின்னது தொடர்ந்து வரும். கால்தட்டில் மாட்டி முன்சக்கரங்களை அந்தரத்தில் தூக்கிவிடும் ஒற்றைச் சக்கரமும் விற்கிறார்கள். மடக்கு நாற்காலியில் கால்தட்டு இரண்டாகப் பிரிந்திருக்கும் என்பதால் அதற்குத் தனி அடாப்டர் வேண்டும்.

மணலுக்காக டயரில் காற்றைக் குறைக்காதீர்கள். பிரேக் டயரை அழுத்தித்தான் பிடிக்கிறது. காற்று இறங்கினால் பிடி நழுவும்.

வாசற்படி:
கடைக்கு முன்கூட்டியே போன் செய்யுங்கள். "வீல்சேர் வருமா?" என்று கேட்டால் "வரும்" என்றுதான் சொல்வார்கள். படி எத்தனை அங்குலம், கதவு திறந்தால் வழி எத்தனை அங்குலம் என்று கேளுங்கள். வழி 32 இருந்தால் நிம்மதி.

ஓர் அங்குல உயரத்துக்கு 12 அங்குல நீளம் என்ற அமெரிக்க விதிப்படி 6 அங்குலப் படிக்கு 6 அடி ராம்ப் (சாய்தளம்) வேண்டும். 3 அடியில் சரிவு இரட்டிப்பு. பலமான ஆள் பின்னால் நின்றால் மட்டும் முயலுங்கள். இறங்கும்போது நாற்காலியின் முதுகு முதலில் வரட்டும். ராம்பின் கீழ்விளிம்பு மணலில் ஒருபக்கமாகப் புதைந்து ஆடும். அடியில் ஒரு பிளைவுட் துண்டு போட்டால் நிற்கும்.

மரத் திண்ணையில் பலகைகள் நீங்கள் போகும் திசையிலேயே ஓடினால் இடுக்கைக் கவனியுங்கள். அரை அங்குலத்துக்கு மேல் இருந்தால் முன்சக்கரம் உள்ளே விழும், சாய்வாகக் கடக்கவும்.

மேன் தெரு 2020-இல் தேசிய வரலாற்றுப் பதிவேட்டில் சேர்ந்தது. அதற்காக 1990-ஆம் ஆண்டின் அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டத்திலிருந்து விலக்கு கிடைத்துவிடாது. பழமை கெடும் என்றால் வேறு ஏற்பாடு செய்யலாம். ஒன்றுமே செய்யாமல் இருக்க முடியாது.

பாலைத்தடம்:
நன்றி. டயர் காற்றடைத்ததா, திடமானதா?

அச்சாணி:
திடமானதே. நம்மூர் நெருஞ்சி அங்கேயும் தரையோடு படரும். அதே முள், அதே கூர்மை. காற்று டயர்தான் கிடைத்தால் செடி படர்ந்த ஓரத்தைத் தவிருங்கள். குத்திய முள்ளை அங்கேயே பிடுங்கினால் காற்று போய்விடும், பம்ப்பும் பஞ்சர் ஒட்டும் சாமானும் எடுத்தபிறகு பிடுங்குங்கள்.

வெயிலில் நிறுத்திய நாற்காலியில் சக்கரத்தைச் சுழற்றப் பிடிக்கும் உலோகக் கைவளையம் கையைச் சுடும். உட்காரவைக்கும் முன் தொட்டுப் பாருங்கள், ஈரத்துணி ஒன்று கையில் இருக்கட்டும்.