மறு: ‘இன்ட்ராபார்ட்டம் புரோஃபிலாக்ஸிஸ்’ – காப்பது யாரை?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

இழையைத் தொடங்கிவிட்டுக் காணாமல் போனதற்கு மன்னியுங்கள். வந்த மடல்கள் எல்லாவற்றையும் இன்றிரவுதான் உட்கார்ந்து படித்தேன். இடையில் சேர்ந்தவர்களுக்காக ஒருமுறை: டொராண்டோவில் தமிழ்த் தாய்மாருக்கான ஒரு துண்டறிக்கையை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். கனடாவில் 35-37 வாரத்தில் கர்ப்பிணிகள் எல்லோருக்கும் பிறப்புறுப்பிலும் ஆசனவாயிலும் பஞ்சுக்குச்சியால் தடவியெடுத்து, குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறார்கள். இருந்தால் பிரசவத்தின்போது ரத்தநாளம் வழியாகப் பென்சிலின். இதற்குத்தான் ‘இன்ட்ராபார்ட்டம் ஆன்டிபயாடிக் புரோஃபிலாக்ஸிஸ்’ என்று பெயர், அதாவது பிரசவத்தின்போது ஆன்டிபயாடிக் கொடுத்து நோய் வராமல் காப்பது. இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதுதான் இழையின் கேள்வி.

> மகப்பேற்றுத் தடுப்புமருந்து. எளிது, எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். கொரோனாவுக்குப் பிறகு தடுப்புமருந்து என்றாலே பாதிப் பேருக்குத் தடுப்பூசிதான் நினைவுக்கு வருகிறது. இந்தக் கிருமிக்குத் தடுப்பூசி இன்னும் புழக்கத்துக்கு வரவில்லை. பென்சிலினோ அந்தப் பிரசவத்தோடு சரி. “மூத்ததுக்கே போட்டாச்சே, இதுக்கு எதுக்கு மறுபடி?” என்று ஒரு தாய் கேட்டால் அதற்கு நம் சொல்தான் காரணமாக இருக்கும்.

‘மகப்பேறு’ இன்னொரு பிரச்சினை. தமிழ்நாட்டில் மகப்பேறு நிதியுதவி கர்ப்பத்தைப் பதிவதில் தொடங்கி, பிள்ளை பிறந்த பிறகும் தவணை தவணையாக வருவது. அவ்வளவு அகலமான சொல். நமக்கு வேண்டியதோ சில மணிநேரம். முன்கூட்டியே மாத்திரை கொடுத்துக் கதையை முடித்துவிடலாமே என்று இங்கேயே ஒருவர் கேட்டிருந்தார். முடியாது. குடலில் இருக்கும் கிருமி, மாத்திரையை நிறுத்தினதும் திரும்ப வந்துவிடும். அதனால்தான் முதலில் 50 லட்சம் யூனிட், அப்புறம் குழந்தை பிறக்கும்வரை 4 மணிநேரத்துக்கு ஒருமுறை 25 முதல் 30 லட்சம் என்று ஏற்றுகிறார்கள். முதல் டோஸ் பிறப்புக்கு 4 மணிநேரமாவது முன்னால் ஏறியிருக்க வேண்டும் என்பது கணக்கு. இப்படிக் கடிகாரத்தைப் பார்த்துச் செய்கிற வேலையின் பெயரில் நேரம் இல்லாமல் போகக் கூடாது.

> அப்படியானால் ‘வலிநேர’ என்று வைப்போம்.

எனக்கும் முதலில் பிடித்திருந்தது. ஆனால் சிலருக்கு வலி எடுக்குமுன்பே பனிக்குடம் உடைந்துவிடும் (பன்னீர்க்குடம் என்றும் அறிக்கையில் சேர்த்துவிட்டேன், இலங்கை நண்பர்கள் அடிக்க வேண்டாம்). கிருமி இருப்பதாகத் தெரிந்தவர்களுக்கு அப்போதே மருந்தைத் தொடங்க வேண்டும். வலி வரட்டும் என்று வீட்டில் உட்கார்ந்திருக்க வைக்கிற சொல் ஆபத்து. மறுபக்கம், வலியும் வராமல் குடமும் உடையாமல் சிசேரியன் செய்தால் இந்தக் கிருமிக்கென்று இந்த மருந்து தேவையில்லை. ஆகவே ‘பிரசவநேர’ என்பதே பரவாயில்லை. ‘ஈற்றிடை’ (ஈனும் வேளையில்) அழகான சொல்தான், ‘ஈன்று புறந்தருதல்’ என்று சங்கப் பாட்டில் தாய்க்கு வந்த வேர்தான், ஆனால் இன்று ‘தலையீத்து’ என்றால் யாரும் மாட்டைத்தான் பார்ப்பார்கள்.

மாடு என்றதும் ஒன்று. கிருமியின் முழுப்பெயரில் வரும் ‘அகலாக்டியே’யை ‘பாலற்ற’ என்று பெயர்த்திருந்த நண்பர் கோபிக்கக் கூடாது. அது பசுவின் மடிநோயில் பால் வற்றியதை வைத்து வந்த பெயர். துண்டறிக்கையில் அதைப் போட்டால் தாய்ப்பால் வற்றிவிடும் என்று பயந்துபோவார்கள். இந்தக் கிருமி இருக்கிறவர் தாராளமாகப் பால் கொடுக்கலாம். ‘பி குரூப்’ என்றால் ரத்தப் பிரிவு. ஆங்கிலச் சுருக்கத்தை (GBS) அப்படியே ‘ஜிபிஎஸ்’ என்று எழுதினால் காரில் வழிகாட்டும் கருவி (GPS). நம் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே ‘பி’தானே. போதாக்குறைக்குக் கில்லன்-பாரே என்ற நரம்புநோய்க்கும் அதே சுருக்கம், 2025 ஜனவரியில் புனேயில் பரவியபோது செய்திகளில் அடிபட்டது. ‘பி வகை ஸ்ட்ரெப் கிருமி’ என்று எழுதப்போகிறேன். தூய்மை குறைவுதான், குழப்பமும் குறைவு.

அதோடு ‘தொற்று’ என்று எழுதாதீர்கள். ஏறக்குறைய நாலு கர்ப்பிணிகளில் ஒருவரிடம் இந்தக் கிருமி நோய் எதுவும் செய்யாமல் குடியிருக்கிறது. ‘கிருமி குடியிருக்கிறது’ என்றே எழுதலாம். அவர் நோயாளி இல்லை.

இங்கேதான் என் பழைய சொல்லான ‘கிருமிக்காப்பு’ கவிழ்ந்தது. ‘உயிர்க்காப்பு’ உயிரைக் காப்பது என்றால் கிருமிக்காப்பு எதைக் காக்கும் என்று திருச்சி நண்பர் கேட்டதற்குச் சிரித்துவிட்டுச் சொல்லைக் கைவிட்டேன். ஆனால் காப்பு என்பதை விட மனசில்லை, வளைகாப்பு நடத்துகிற ஊரில் அதற்கு விளக்கமே வேண்டாம். ‘முற்காப்பு’ சரியான சொல்தான், அதை மருத்துவர்களுக்கு விட்டுவிடலாம். யாரைக் காக்கிறது? மருந்து ஏறுவது தாயின் உடம்பில், காக்கப்படுவது குழந்தை. கிருமி குடியிருக்கும் தாய்மாருக்கு மருந்து கொடுக்காவிட்டால் 200 குழந்தைகளில் ஒன்றுக்கு முதல் வாரத்துக்குள் நோய் வரும். கொடுத்தால் 4000-ல் ஒன்று. எனக்கு ஒன்றுமில்லையே, எதற்கு டிரிப்ஸ் என்று கேட்கிற தாய்க்குச் சொல்லே பதில் சொல்ல வேண்டும்.

ஆக, என் முன்மொழிவு: பிரசவநேரச் சேய்க்காப்பு.

இன்னொரு லாபமும் இருக்கிறது. 2023-ல் வெளிவந்த ஓர் ஆய்வு: நம் பெலகாவி, நாக்பூர் உட்பட ஏழு நாடுகளின் ஊர்களில் சுமார் 29 ஆயிரம் பெண்களில் ஒரு பாதிக்குப் பிரசவ வலியின்போது 2 கிராம் அசித்ரோமைசின் வாய்வழி கொடுத்துப் பார்த்தார்கள். தாய்க்குச் செப்சிஸோ (கிருமித்தொற்று முற்றி உடம்பு முழுக்கப் பாதிப்பது) மரணமோ நேர்ந்தது 2.4 சதவீதத்திலிருந்து 1.6 ஆகக் குறைந்தது, குழந்தைக்குப் பலனில்லை. இரண்டுமே பிரசவநேர ஆன்டிபயாடிக்தான். நம் முறைப்படி இதைத் ‘தாய்க்காப்பு’ என்று பிரித்துச் சொல்லிவிடலாம். ஆங்கிலப் பெயரில் இந்தப் பிரிவு கிடையாது.

குறை உண்டு, மறைக்கவில்லை. ‘சேய்க்காப்பு’ எல்லாக் கிருமிக்கும் எதிரானது போல ஒலிக்கிறது. இந்தியாவில் பச்சிளங்குழந்தைகளின் செப்சிஸில் முன்னால் நிற்பவை அசினெட்டோபாக்டரும் கிளெப்சியெல்லாவும். பென்சிலினை அவை சட்டை செய்யாது. அதனால் முதல்முறை வரும்போது ‘பி வகை ஸ்ட்ரெப்புக்கு எதிரான’ என்று முன்னால் போட்டுவிட்டு, பிறகு சுருக்கிக்கொள்வேன்.

பிரதி வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மறுப்பு இருந்தால் வியாழன் இரவுக்குள் சொல்லுங்கள். யாழ்ப்பாணத்து அக்கா, ‘பிரசவநேர’ உங்கள் பக்கத்துக் காதுக்குச் சரியாக இருக்கிறதா, ‘பிள்ளைப்பேற்றுநேர’ என்று நீட்ட வேண்டுமா? வீட்டில் பெரியவர்களிடம் வாசித்துக் காட்டிவிட்டு எழுதுங்கள்.