தீவுக்குப் பறக்கிற சின்ன விமானங்கள்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

மேலூர் டீச்சர்:
மாலத்தீவின் வடக்கே ஒரு தீவுப் பள்ளியில் வேலை பார்த்தபோது நடந்தது. அப்பாவை ஐசியூவில் சேர்த்திருப்பதாக மேலூரிலிருந்து போன். தோணி பிடித்து, விமான நிலையம் இருக்கிற ஹனிமாதூ தீவுக்குப் போனால், தலைநகர் மாலேக்குப் போகும் விமானத்தில் சீட் இல்லை. கவுண்டரில் இருந்த பையன் கையை விரித்துவிட்டான். வரிசையில் எனக்கு முன்னால் ஒரு நிறைமாதக் கர்ப்பிணி, மாலேயில் ஸ்கேன் எடுக்கப் போகிறவள். என் முகத்தைப் பார்த்தாள். "டீச்சர் போகட்டும்" என்று தன் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டாள். நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் பெட்டியை எடைத்தட்டிலிருந்து இறக்கியும் விட்டாள். அப்பாவோடு ஒரு வாரம் பேசக் கிடைத்தது. அதன்பிறகு அந்தத் தீவுக்கு நான் திரும்பவில்லை. அவளுக்குக் குழந்தை நல்லபடியாகப் பிறந்ததா? இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

செல்லூரான்:
டீச்சரம்மா, தப்பு அந்தக் கம்பெனி மேல்தான். பெரிய ஆஸ்பத்திரிக்கு அந்த விமானத்தை நம்பியிருக்கிற ஜனங்கள். அவசரத்துக்கு இரண்டு சீட் ஒதுக்கி வைக்க வேண்டாமா? புள்ளத்தாச்சியா இறங்க வேண்டும்?

தெப்பக்குளத்துக்காரன்:
செல்லூர் அண்ணே, அவ்வளவு சுலபம் இல்லை. லட்சத்தீவில் அகத்தித் தீவின் ஓடுபாதை சுமார் 1,200 மீட்டர்தான், நம்ம மதுரையில் இருப்பதில் பாதி. அங்கே வருகிற ஏடிஆர் 72 என்ற சின்ன விமானத்தில் எழுபது சீட் இருந்தாலும், அந்தக் குட்டை ஓடுபாதையில் அத்தனையும் நிரப்பிக் கிளம்ப முடியாது. ஒவ்வொரு சீட்டையும் எடை பார்த்துத்தான் கொடுக்கிறார்கள். நான் வந்த அன்று ஒரு பெரியவரின் மாசிக் கருவாட்டுப் பெட்டியை இறக்கச் சொன்னார்கள். கொச்சியில் படிக்கிற பேத்திக்காம். கெஞ்சவில்லை, சண்டை போடவில்லை. பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, கடைசி ஆள் ஏறும்வரை அங்கேயே நின்றார். அந்த முகம் போகமாட்டேன் என்கிறது.

வைகைக்கரை:
நானும் அகத்தி போயிருக்கிறேன். இறங்கும்போது இரண்டு பக்கமும் கடல், சாமியைக் கூப்பிட்டுவிட்டேன். போகப்போகிறவர்கள் கவனியுங்கள். லட்சத்தீவுக்குள் போவதற்கான அனுமதிச் சீட்டு கைக்கு வராமல் டிக்கெட் போடாதீர்கள். மதுரையிலிருந்து முந்தின நாளே கொச்சி போய்ச் சேருங்கள். குமுளி வழியாக ராத்திரி பஸ் ஏறிக் காலையில் விமானம் பிடிக்கலாம் என்று நினைக்க வேண்டாம், மலைப்பாதையில் ஒரு லாரி நின்றால் போச்சு. ஜூன், ஜூலையில் மழைக்கு விமானம் ரத்தாகலாம். திரும்பும் நாளுக்கு மறுநாளே கல்யாணம் காட்சி என்று எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரையெல்லாம் கைப்பையில் இருக்கட்டும். பெரிய பெட்டி பின்னால் வந்தாலும் வரும். சாமான் அதிகம் என்றால் கொச்சியிலிருந்து கப்பல் இருக்கிறது, அதில் போங்கள்.