தான்சானியாவில் ஓராண்டு தன்னார்வப் பணி: எதற்கு முதலில் தயாராவது?

கேள்வி (மாட்டுங்கா, மும்பை):
கணித ஆசிரியையாகத் தன்னார்வப் பணி செய்ய அடுத்த மாதம் தான்சானியாவின் மொரோகோரோவுக்குப் புறப்படுகிறேன். சம்பளம் கிடையாது, வாழ்க்கைப்படி மட்டுமே. சுவாஹிலியில் ஒரு சொல்லும் அறியேன். அம்மாவோ இப்போதே பருப்புப் பொடி அரைக்கத் தொடங்கிவிட்டார். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் (செம்பூர்):
சகோதரி, நான் அங்கே இரண்டு ஆண்டுகள் இருந்தவன். முதலில் வணக்கம் சொல்லப் பழகுங்கள். பெரியவர்களிடம் ‘ஷிகமூ’ என்றால் ‘மரஹபா’ என்று ஏற்பார்கள், அதைச் சொல்லாமல் நேரே விஷயத்துக்கு வருபவரை மரியாதை தெரியாதவர் என்றே நினைப்பார்கள். அடுத்தது நேரம். சுவாஹிலியில் மணியை விடியலிலிருந்து எண்ணுவதால் (நம் நாழிகைக் கணக்கும் அப்படித்தானே!) காலை ஏழு மணியே அங்கு ‘சா மோஜா’, அதாவது ஒரு மணி. “மூன்று மணிக்குக் கூட்டம்” என்று தலைமையாசிரியர் சொன்னதை நம்பிப் பிற்பகலில் போய் நின்றேன். காலை ஒன்பதுக்குத் தொடங்கிய கூட்டம் எப்போதோ கலைந்திருந்தது.

பதில் (தாராவி):
பொடியைத் தாராளமாகக் கொண்டுபோங்கள், ஆனால் பிளாஸ்டிக் கேரி பேக்கில் வேண்டாம்; 2019 ஜூன் முதல் அங்கே அவற்றுக்குத் தடை. உகாலி என்பது மக்காச்சோள மாவில் கிண்டிய களிதான். ஓர் உருண்டை பிடித்து, கட்டைவிரலால் குழி செய்து, குழம்பை அள்ளிச் சாப்பிட வேண்டும். மலேரியா உள்ள ஊர், கொசுவலை இல்லாமல் ஓர் இரவும் படுக்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. பொடி எவர்சில்வர் டப்பாவுக்கு மாறிவிட்டது. ‘ஷிகமூ’வை அம்மாவிடமே சொல்லிப் பழகுகிறேன்.