கறிவேப்பிலைக்கு கஞ்சா லைட் சரிவருமா? ரொறன்ரோ பனிக்காலக் கேள்வி

யன்னலோரம்:
வணக்கம். ஸ்காபரோவில் தொடர்மாடியில் இருக்கிறோம், வடக்குப் பார்த்த யன்னல். அம்மாவின் கறிவேப்பிலை கோடை முழுக்க பல்கனியில் நன்றாக நின்றது, இடுப்பளவு உயரம். ஒக்டோபரில் உள்ளே எடுத்ததிலிருந்து கீழ் இலைகள் மஞ்சளாகிக் கொட்டுகின்றன, நுனியில் மட்டும் துளிர் வருகிறது, அதுவும் வெளிறிப்போய் மெலிந்து யன்னல் பக்கமாகச் சாய்ந்து நீளுகிறது. லைட் போடலாம் என்று தேடினால் வருவதெல்லாம் கஞ்சாவுக்கென்று விற்கும் எல்இடி லைட்டுகள்தான். ஒன்று ஊதா நிற வெளிச்சம், பெட்டியில் 1000 வாட் என்று பெரிதாகப் போட்டிருக்கிறது, விலை மலிவு. இன்னொன்று வெள்ளை, 100 வாட் என்றுதான் இருக்கிறது, ஆனால் விலை கூட. இது எப்படி? 1000 வாட் போட்டால் கரண்ட் பில் எங்கே போய் நிற்கும்? அம்மாவுக்கு வேறு ஒரு கவலையும் உண்டு, யன்னலால் ஊதா வெளிச்சம் தெரிந்தால் பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைப்பார்கள் என்று.

வயர்க்காரன்:
வெள்ளையை வாங்குங்கள். அந்த 1000 வாட் என்பது பழைய சோடியம் விளக்குக்கு ஈடு என்று அவர்களே சொல்லிக்கொள்ளும் கணக்கு. பெட்டியைத் திருப்பி, வோல்ட், அம்பியர் போட்டிருக்கும் சின்ன எழுத்தைப் பாருங்கள், உண்மையில் இழுப்பது பெரும்பாலும் 100, 150 வாட்தான் இருக்கும். நிஜமாகவே 1000 வாட் இழுத்தால் அறை ஹீட்டர் போட்ட மாதிரிச் சுடும்.

ஊதா நிறத்தில் மந்திரம் எதுவும் இல்லை. இலை சிவப்பையும் நீலத்தையும் அதிகம் உறிஞ்சும் என்று அந்த இரண்டை மட்டும் வைத்துச் செய்தார்கள், ஆனால் பச்சை ஒளியையும் இலை நன்றாகவே பயன்படுத்தும் என்று மெக்க்ரீ என்ற தாவர ஆய்வாளர் 1972இலேயே அளந்து காட்டிவிட்டார். இப்போது நல்ல லைட்டுகள் வெள்ளை டயோடோடு 660 நானோமீட்டர் சிவப்பைக் கொஞ்சம் சேர்த்துத்தான் வருகின்றன. வெள்ளையில் இன்னொரு வசதி, இலையின் நிறம் உள்ளபடி தெரியும். மஞ்சள் விழுந்தாலும் பூச்சி வந்தாலும் அன்றைக்கே கண்ணில் படும், ஊதாவில் எல்லாம் கறுப்பாகத்தான் தெரியும்.

சரி, எவ்வளவு வெளிச்சம் வேண்டும்? இலை மட்டத்தில் ஒரு சதுர மீட்டரில் ஒரு விநாடிக்கு எத்தனை மைக்ரோமோல் ஒளி விழுகிறது என்பதுதான் அளவு. கஞ்சா பூக்கும் கட்டத்தில் 600 முதல் 1000 வரை கொடுக்கிறார்கள், அதனால்தான் அந்த லைட்டுகளுக்கு அவ்வளவு விலை. கறிவேப்பிலைக்குப் பனிக்காலத்தில் 200 கிடைத்தாலே துளிர்க்கும். இன்னொரு வித்தியாசம், கஞ்சாவைப் பூக்க வைக்க 12 மணி நேரம் முழு இருட்டு வேண்டும், நமக்கு வேண்டியது இலை மட்டும், ஆகவே 14 மணி நேரம் எரிய விடலாம். 200ஐ 14ஆல் பெருக்கி 0.0036ஆல் (மணிக்கு 3600 விநாடி, பத்து லட்சம் மைக்ரோமோல் ஒரு மோல்) பெருக்கினால் நாளுக்கு 10 மோல் வரும். ஜூன் மாத முழு வெயிலில் 40 மோலுக்கு மேல் கிடைக்கும் செடிதான் இது, ஆனால் பனிக்காலத்தைத் தாண்ட 10 போதும்.

அம்மாவிடம் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். 2018 ஒக்டோபர் 17இலிருந்து ஒன்ராறியோவில் ஒரு வீட்டில் நான்கு கஞ்சாச் செடி வளர்க்கச் சட்டமே இடம் கொடுக்கிறது, கறிவேப்பிலைக்கு யார் என்ன சொல்லப் போகிறார்கள்.

கொல்லைப்புறம்:
தங்கச்சி, லைட்டுக்குக் காசு போட முன்னம் இலையைத் திருப்பிப் பாருங்கள். நடு நரம்போடு ஒட்டிக்கொண்டு பழுப்பு நிறத்தில் சின்னச் சின்னப் பொட்டு இருக்கிறதா, கீழ் இலை தொட்டால் பிசுபிசுக்கிறதா? அப்படியென்றால் செதில் பூச்சி. நகத்தால் சுரண்டினால் கழன்று வரும். சவர்க்காரத் தண்ணீரில் துணியை நனைத்து ஒவ்வொரு காம்பாகத் துடைக்க வேண்டும், கிழமைக்கு ஒருமுறை விடாமல். இந்தக் குளிரில் ஹீட்டர் ஓடி வீட்டுக் காற்று காய்ந்து கிடக்கும், சிலந்திப்பேனுக்கு அதுதான் கொண்டாட்டம், இலைக்கடியில் மெல்லிய நூல் தெரியும்.

அடுத்தது தண்ணீர். வெளிச்சம் இல்லாத செடி குடிக்காது, நாம் கோடைப் பழக்கத்தில் ஊற்றிக்கொண்டே இருப்போம், வேர் அழுகிவிடும். விரலை இரண்டு கணு ஆழத்துக்கு விட்டு, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். மோரும் இப்போது வேண்டாம், ஊரில் மண்ணில் நிற்கும் மரத்துக்கு ஊற்றுவது வேறு, மூடிய வீட்டுக்குள் சாடியில் ஊற்றினால் நாறும், சின்ன ஈயும் வரும்.

லைட்டை இரவு ஏழு மணியிலிருந்து காலை ஏழு மணி வரை போட்டால் கரண்ட் மலிவு, அதையும் யோசியுங்கள்.

வயர்க்காரன்:
அண்ணா சொன்ன பூச்சி விஷயம் முக்கியம், ஆனால் இரவு லைட் மட்டும் எனக்குச் சரியாகப் படவில்லை. பகலில் யன்னல் வெளிச்சம், இரவில் லைட் என்றால் செடிக்கு இருட்டே கிடைக்காது. மிச்சமாவதும் பெரிய காசில்லை. 100 வாட் லைட்டைக் குறைத்து 45 வாட்டில் 14 மணி நேரம் எரித்தால் 0.63 யூனிட், மாதத்துக்கு 19 யூனிட். யூனிட் 20 சதம் என்று வைத்தாலும் 4 டொலர் வராது. காலை ஆறிலிருந்து இரவு எட்டு வரை டைமரில் போட்டுவிடுங்கள், செடியும் உறங்கும், வீட்டுக்காரரும் உறங்குவார்கள்.

யன்னலோரம்:
இருவருக்கும் மிக்க நன்றி. பழுப்புப் பொட்டு இருக்கிறது, அம்மா இப்போதே துணியோடு உட்கார்ந்துவிட்டா. போனில் வெளிச்சம் அளக்கும் செயலி போட்டு மத்தியானம் இலைக்குப் பக்கத்தில் பார்த்தேன், 700 லக்ஸ் காட்டுகிறது. இது எவ்வளவு குறைவு? வெள்ளை லைட்டையே வாங்குகிறேன், எவ்வளவு உயரத்தில் தொங்க விடுவது?

வயர்க்காரன்:
வெள்ளை எல்இடி என்றால் லக்ஸை 70ஆல் வகுத்தால் ஏறக்குறைய மைக்ரோமோல் கணக்கு வரும். பகல் வெளிச்சத்துக்குக் கொஞ்சம் மாறும், இருந்தாலும் உங்கள் 700 என்பது பத்துப் பன்னிரண்டுதான். டிசம்பரில் இங்கே பகலே ஒன்பது மணி நேரம், ஆகவே நாளுக்கு அரை மோல்கூட வராது. இலை கொட்டாமல் என்ன செய்யும்.

100 வாட் லைட்டில் வெளிச்சம் குறைக்கும் திருகு இருக்கும், பாதிக்குக் கொஞ்சம் கீழே வைத்து நுனியிலிருந்து ஒன்றரை அடி மேலே கட்டுங்கள். அதே செயலியை நுனி இலை மட்டத்தில் பிடித்து 14,000 லக்ஸ் வரும்வரை ஏற்றி இறக்கிப் பாருங்கள். முதல் கிழமை பாதி வெளிச்சம் போதும், இருட்டில் பழகிய இலை சட்டென்று வெளுத்துவிடும். வாங்கும்போது மின் பாதுகாப்புக்கான சிஎஸ்ஏ அல்லது கனடாவுக்கான யூஎல் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், வயரை பிளக்குக்குக் கீழே கொஞ்சம் தொங்க விட்டு மேலே எடுங்கள், அப்போதுதான் தண்ணீர் தெறித்தாலும் வயர் வழியாகப் பிளக்குக்குள் போகாது.

கொல்லைப்புறம்:
சாடியைக் குளிர்ந்த யன்னல் கல்லில் வைக்க வேண்டாம், வேர் குளிர்ந்தால் மேலே எவ்வளவு வெளிச்சம் அடித்தாலும் செடி அசையாது, ஒரு பலகை போட்டு வையுங்கள். மெலிந்து நீண்ட துளிரை இப்போது வெட்ட வேண்டாம். லைட்டில் புது இலை கரும்பச்சையாக வரத் தொடங்கியதும் மாசியில் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை வெடிக்கும். மே கடைசியில் பல்கனிக்கு எடுக்கும்போது இரண்டு கிழமை நிழலில் வையுங்கள், லைட்டில் வளர்ந்த இலை நேர் வெயிலில் கருகும்.