தினமும் கடைக்குப் போறா, பயம் மட்டும் குறையல. எங்க தப்பு?

ஒத்தக்கடை_அக்கா:

தங்கச்சிக்கு 22 வயசு, பி.காம் முடிச்சிருக்கா. வீட்டுக்குள்ள எங்க எல்லாரையும் கலாய்ப்பா. வெளியாள்கிட்ட ஒரு வார்த்தை பேசணும்னா நெஞ்சு படபடன்னு அடிக்குது, முகம் சூடாகுது, குரல் தொண்டையிலயே நின்னுருது. பயப்படுற காரியத்தைக் கொஞ்சம் கொஞ்சமா செஞ்சு பழகணும்னு படிச்சோம். மூணு வாரமா நாங்க செய்றது இதுதான்:

மதியம் 2 மணிக்குத் தெருமுனைப் பலசரக்குக் கடைக்குப் போவா. சாமான் பட்டியலை முன்னாடியே கடைக்காரருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிருவா. காசு ஜிபே. காதுல ஹெட்செட் இருக்கும். நான் எதிர்ல வண்டியில நிப்பேன்.

100-க்கு எவ்வளவு பயம்னு தினமும் கேட்டு எழுதுறேன். முதல் நாள் 60, இன்னைக்கு 55. நான் வரலைன்னா 80-ங்கிறா. இன்னும் நாள் கூட்டணுமா, வேற கடைக்கு மாத்தணுமா?

வைகைக்கரை:

அக்கா, நாள் கூட்டி ஒண்ணும் ஆகப்போறதில்ல. இந்த 21 நாள்ல அவ கடைக்காரர்கிட்ட ஒரு தடவைகூடப் பேசல. பட்டியலை வாட்ஸ்அப் சொல்லிருச்சு, காசை ஜிபே குடுத்துருச்சு. கடைக்குப் போனது கால் மட்டும்தான்.

நீங்க எழுதினதுலயே அஞ்சு கைத்தாங்கல் இருக்கு: ஆளில்லாத நேரம், வாட்ஸ்அப், ஜிபே, ஹெட்செட், எதிர்ல நீங்க. கேட்டுப் பாருங்க, உங்க கண்ணுக்குத் தெரியாத இன்னும் நாலு இருக்கும். சொல்லப்போற வரியை மனசுக்குள்ள பத்துத் தடவை ஓட்டிப் பாக்குறது, தரையைப் பாத்துப் பேசுறது, குரலைத் தணிச்சுக்கிறது, துப்பட்டாவைக் கழுத்துவரை இழுத்து மூடுறது. இதெல்லாம் இருக்கிறவரை, கெட்டது எதுவும் நடக்காட்டியும் மனசு வேற கணக்குதான் எழுதும்: 'அக்கா நின்னதால தப்பிச்சேன்', 'கடையில ஆளில்லாததால தப்பிச்சேன்'. பயம் சொன்னது பொய்ங்கிறதுக்குச் சாட்சியே வரல. உங்களைக் கழிச்சதும் 80 ஆகுறது அதனாலதான்.

இதை 1995-லயே டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ்னு ரெண்டு உளவியல் ஆராய்ச்சியாளர்கள் தெளிவா எழுதிட்டாங்க. சமூக பயம் உள்ளவங்க எதிர்ல நிக்கிற ஆளைப் பாக்குறதே இல்ல. உள்ள திரும்பி, தன் முகம் எப்படிச் சூடாகுது, கை எப்படி நடுங்குதுன்னு தன்னைத்தானே பாத்துக்கிட்டு இருப்பாங்க. அந்தப் படத்தை வச்சுத்தான் 'எல்லாரும் கவனிக்கிறாங்க'ன்னு முடிவு பண்றாங்க. எதிராளி முகத்துல உண்மையில என்ன இருந்துச்சுன்னு கேட்டா பதில் வராது.

கடையை மாத்த வேண்டாம். கைத்தாங்கலை ஒவ்வொண்ணா உருவுங்க. முதல்ல ஹெட்செட். அது இருந்தா கடைக்காரர் சொல்றதே பாதி கேக்காது, திரும்பத் திரும்பக் கேக்க வேண்டி வரும், அதுவே புதுப் பயம் ஆயிரும். ரெண்டு நாள் கழிச்சு வாட்ஸ்அப் பட்டியல். வாயால சொல்லணும், மூணு சாமான் போதும்: 'கால் கிலோ துவரம்பருப்பு, அரை லிட்டர் நல்லெண்ணெய், ஒரு தீப்பெட்டி.' அதுக்கப்புறம் நீங்க வீட்டுலயே இருங்க, தெருமுனையில ஒளிஞ்சு நின்னு பாக்குறதும் கூடாது. நேரத்தைக் கடைசியா மாத்துங்க. சாயங்காலம் 6:30, நாலு பேர் நிக்கிற நேரம். ஒவ்வொண்ணை உருவும்போதும் மார்க் ஏறும், 70 தொடலாம். பின்னாடி போறோமோன்னு பயப்படாதீங்க, இப்பதான் வேலையே தொடங்குது.

மார்க்கை விட முக்கியம் ஒரு நோட்டு. போறதுக்கு முன்னாடி ஒரு வரி: என்ன நடக்கும்னு நினைக்கிறா? 'அசிங்கமாயிரும்'னு எழுதினா அதைச் சரிபாக்க வழியில்ல. 'நான் கேட்டதும் அவர் மூணு தடவை என்னதுன்னு கேப்பார், பின்னாடி நிக்கிறவங்க உச்சுக் கொட்டுவாங்க'ன்னு கண்ணுக்கும் காதுக்கும் எட்டுற மாதிரி எழுதணும். வந்த உடனே, செருப்பைக் கழட்டுற கையோட, என்ன நடந்துச்சுன்னு ரெண்டு வரி. நோட்டை மூடிரணும். ராத்திரி படுத்துக்கிட்டு 'அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதோ'ன்னு திரும்ப ஓட்டுற படம் பகல்ல சம்பாதிச்சதை எல்லாம் தின்னுரும். அது தொடங்கினா எழுந்து வேற வேலை பாக்கச் சொல்லுங்க.

உண்மையிலயே யாராவது உச்சுக் கொட்டிட்டா? அதையும் எழுதணும். அதுக்கு அப்புறம் என்ன ஆச்சுங்கிறதையும் எழுதணும். பெரும்பாலும் அந்த ரெண்டாவது வரிதான் பயத்தோட பல்லைப் பிடுங்கும்.

தெப்பக்குளம்_வடகரை:

வைகைக்கரை அண்ணே சொன்னதுக்கு மேல, கடையைத் தாண்டி எங்க போகலாம்னு மட்டும் சொல்றேன். லேசானதுலேர்ந்து கஷ்டமானதுவரை படிப்படியா ஏறுற ஒரு ஏணி இது. பய மார்க் நான் போட்டது ஒரு மாதிரிக்குத்தான். தங்கச்சியே உக்காந்து போடணும், வரிசை தலைகீழா மாறினாலும் மாறும். சிலருக்குத் தெரியாத ஆளு லேசு, சொந்தக்காரங்க முன்னாடிதான் நாக்கு ஒட்டிக்கும்.

25: மதுரை டவுன்ஹால் ரோட்டுல நடந்துக்கிட்டே ஒரு அம்மாகிட்ட மணி கேக்குறது.
30: டவுன் பஸ்ல ஃபோனை எடுக்காம, தலையை நிமித்தி, எதிர்ல இருக்கிறவங்களைப் பாத்துக்கிட்டே போறது. சாதாரண டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்குக் காசு இல்லதான், ஆனா எந்த ஸ்டாப்புன்னு கண்டக்டர்கிட்ட வாயைத் திறந்து சொல்லணும். அது போனஸ்.
40: டிபன் கடையில ரெண்டாவது தடவை சட்னி கேக்குறது.
45: பூக்காரம்மாகிட்ட மல்லி முழம் என்ன விலைன்னு கேட்டு, வாங்காம நகர்றது.
55: நிறைஞ்ச பஸ்ல நடுவுல நின்னு 'அண்ணே, இறக்கம் இருக்கு'ன்னு முன்வாசல்வரை கேக்குற மாதிரி சொல்றது.
60: விளக்குத்தூண் பக்கம் ஒரு துணிக்கடையில ரெண்டு சேலை எடுத்துப் போடச் சொல்லி, 'வேண்டாம்ண்ணே, வர்றேன்'னு எழுந்து வர்றது. (ரெண்டு போதும், இருபது வேண்டாம். தீபாவளி நேரத்துல செய்யாதீங்க, அவங்க பொழப்பு அது.)
70: கோரிப்பாளையத்துலயே நின்னுக்கிட்டு 'கோரிப்பாளையத்துக்கு எப்படிப் போகணும்?'னு கேக்குறது.
90: கல்யாண மண்டபத்துல மொய் எழுதுற மேசையில பேர், ஊர், தொகைன்னு சத்தமா சொல்றது. பின்னாடி பெரியப்பா, சித்தப்பான்னு ஒரு பட்டாளமே நிக்கும். பயம் இல்லாதவங்களுக்கே அது லேசு இல்ல.

70-ஐப் பாத்து சிரிக்காதீங்க. வேணும்னே ஒரு சின்னக் கேணத்தனம் செய்றதுதான் இதுல நல்லா வேலை செய்ற பாடம். ஒழுங்காப் பேசிட்டு வந்தா 'இன்னைக்குத் தப்பு வரல, அதனால பிழைச்சேன்'னு பயம் ஒரு ஓட்டை கண்டுபிடிச்சுக்கும். தப்பையே கையில எடுத்துட்டுப் போனா அதுக்கு ஓட ஓட்டை இல்ல. 'இதுதாம்மா கோரிப்பாளையம்'னு சொல்லிட்டு அவர் பாட்டுக்குப் பஸ் வருதான்னு பாக்கப் போயிருவார். அவ்வளவுதான்.

சட்னியைக் கொஞ்சம் கிட்டத்துல பாப்போம், பாதிப் பேர் இங்கதான் சறுக்குறது. சர்வர் வாளியோட அடுத்த மேசைக்குப் போறார். இவ கையை இலைக்கு மேல நாலு விரக்கடை தூக்குறா, 'அண்ணே'ங்கிறது மூச்சாத்தான் வருது. அவர் திரும்பல. உடனே 'கேட்டேன், குடுக்கல'ன்னு மனசு முடிச்சுரும், மிச்ச இட்லியைத் தண்ணியைக் குடிச்சு உள்ள தள்ளிட்டு இலையை மூடிருவா. கேட்ட கணக்குல இது சேராது. ரெண்டு மேசை தள்ளி இருக்கிறவருக்குக் கேக்கணும்: 'அண்ணே, சட்னி.' திரும்பலைன்னா மூணு எண்ணிட்டு அதே ரெண்டு வார்த்தை, இன்னும் கொஞ்சம் சத்தமா. 'மன்னிச்சுக்கோங்க', 'கொஞ்சம் இருந்தா' எதுவும் ஒட்டக் கூடாது. அவர் முதல் தடவை திரும்பாம போறதுதான் நல்ல யோகம். அன்னைக்குத்தான் ரெண்டாவது தடவை கேக்குற பாடம் ஓசியில கிடைக்கும்.

மணி கேக்குறது இருபது செகண்டுல முடிஞ்சுரும், பயம் இறங்கவே நேரம் இருக்காது. அதனால சின்னக் காரியத்தை ஒரே சாயங்காலத்துல ஆறேழு பேர்கிட்ட அடுத்தடுத்து செய்யணும். வாரத்துல நாலஞ்சு நாள், ஒரு நாளைக்கு முக்கால் மணி நேரம். ஞாயித்துக்கிழமை ஒரு நாள் மட்டும்னா அடுத்த ஞாயிறு வர்றதுக்குள்ள பயம் பழைய இடத்துக்கே ஏறிரும். ஆளையும் கடையையும் மாத்திக்கிட்டே இருங்க. ஒரே பூக்காரம்மாகிட்ட பத்து நாள் கேட்டா அவங்க சிநேகமாயிருவாங்க, பயம் அவங்க ஒருத்தர்கிட்ட மட்டும்தான் போயிருக்கும்.

ஒரு படி 75-க்கு மேல போய் கால் எழும்பலைன்னா விட்டுட்டு வராதீங்க, பாதிப் படி வெட்டிக்கோங்க. நிறைஞ்ச பஸ்ஸுக்குப் பதில் காலி பஸ், நடுவுலேர்ந்து இல்லாம கண்டக்டர் பக்கத்துலேர்ந்து.

இன்னொண்ணு. ராத்திரி ஒத்தையில ஆளில்லாத ஸ்டாண்டுல நிக்கிறது, வம்பு பண்றவன் பக்கத்துல உக்காருறது, இதெல்லாம் ஏணியில வராது. அந்தப் பயம் சரியான பயம்.

ஒத்தக்கடை_அக்கா:

நோட்டு வாங்கியாச்சு, ஹெட்செட் இன்னைக்கு வீட்டுல. மூணு விசயம் கேக்கணும்.

அப்பா, 'இப்படி இட்லி சட்னின்னு இழுத்துக்கிட்டு இருந்தா கிழவி ஆயிருவா, ஊர்த் திருவிழாவுல மைக்கைக் குடுத்து வரவேற்புரை சொல்ல வைங்க, ஒரே நாள்ல தெளிஞ்சுரும்'ங்கிறார். வீட்டுக்கு ஆள் வந்தா டீ எடுத்துட்டுப் போகக் கை நடுங்குது, டம்ளர் சாசர்ல தடதடங்குது. அடுத்து, தெரிஞ்சவங்க ஒருத்தர் அவங்க டாக்டர் சீட்டுல வாங்கின அல்பிரசோலம்ங்கிற பதட்ட மாத்திரை நாலு குடுத்து, தங்கச்சியோட வேலை இன்டர்வியூ அன்னைக்குப் போட்டுக்கச் சொன்னாங்க. இன்டர்வியூவுக்கு 12 நாள் இருக்கு.

அரசரடி_வாசகர்:

மாத்திரையை முதலில் சொல்லிவிடுகிறேன். அல்பிரசோலம் வேண்டாம். பிறர் சீட்டில் வாங்கியது என்பது ஒரு காரணம், பழக்கமாகிவிடக்கூடியது என்பது இன்னொன்று. தூக்கக் கலக்கத்தோடு இன்டர்வியூவில் உட்கார வேண்டியிருக்கும். எல்லாவற்றையும் விட, நன்றாகப் பேசிவிட்டு வந்தாலும் பெயர் மாத்திரைக்குத்தான் போகும். அடுத்த முறை மாத்திரை இல்லாமல் உங்கள் தங்கை படி ஏற மாட்டார். வைகைக்கரை சொன்ன கைத்தாங்கல்களில் மிக வலுவானது இதுதான்.

சமூக பயத்துக்கு மருத்துவர்கள் பொதுவாக எழுதுவது, மனச்சோர்வுக்கும் கொடுக்கும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரைகள். தினமும் எடுக்க வேண்டும், பலன் தெரிய சில வாரங்கள் ஆகும், நினைத்தபோது நிறுத்தக் கூடாது. மேடை நடுக்கத்துக்குச் சிலர் பிராப்பனலால் போடுவார்கள். அது கை நடுக்கத்தையும் படபடப்பையும் அடக்குமே தவிர பயத்தை மாற்றாது, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆபத்து. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2013-இல் வெளியிட்ட வழிகாட்டி, பெரியவர்களுக்கு முதல் தேர்வாகச் சொல்வது மாத்திரையை அல்ல, இந்த வகைப் பயிற்சியோடு கூடிய சிபிடி என்ற, எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றும் பேச்சு சிகிச்சையைத்தான்.

கை நடுக்கமும் படபடப்பும் தனியாக இருக்கும்போதும் வந்தால், எடையும் குறைந்துகொண்டிருந்தால், ஒரு தைராய்டு பரிசோதனை செய்துவிடுங்கள். அது இல்லையென்றால் டம்ளருக்கு வருவோம். நடுக்கத்தை மறைக்க தங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடிப்பார். இறுக்கிய தசை இன்னும் ஆடும். அரை டம்ளர்தான் ஊற்றியிருப்பார், வேகமாக வைத்துவிட்டு உள்ளே ஓடுவார். மாற்றுங்கள்: முதலில் பச்சைத் தண்ணீர், முக்கால் டம்ளர், தளர்ந்த ஒரு கையில், வீட்டார் முன்னிலையில். அடுத்து பக்கத்து வீட்டு அத்தை முன்னிலையில், வேண்டுமென்றே கொஞ்சம் சிந்த வேண்டும். துடைத்துவிட்டு அங்கேயே ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேச வேண்டும். டீ அதற்குப் பிறகு, சுடச்சுட அல்ல. கவனத்தைக் கையிலிருந்து பிடுங்க ஒரு வேலை கொடுங்கள்: வந்தவர் கட்டியிருக்கும் சேலையின் கரை என்ன நிறம் என்று வந்து சொல்ல வேண்டும். வியர்வையைப் பற்றிக் கவலைப்பட்டால், சித்திரை வெயிலில் மதுரையில் வியர்க்காத ஆள் யார் என்று எண்ணி வரச் சொல்லுங்கள்.

அப்பா சொல்லும் மைக்குக்குத் தங்கை போடும் மார்க்கைக் கேளுங்கள். 95 என்பார். நேரடியாக உச்சியில் நிறுத்துவதும் ஒரு முறைதான். ஆனால் அவரே ஒப்புக்கொண்டு, பயம் தணியும்வரை அங்கேயே நிற்க வேண்டும். வற்புறுத்தி ஏற்றினால் இரண்டு வரி சொல்லிவிட்டு இறங்கி ஓடுவார். உச்சத்தில் ஓடினால், ஓடியதால்தான் பிழைத்தேன் என்பதே பாடமாகப் பதியும். அப்பாவின் ஆர்வத்தை வேறு வழியில் பயன்படுத்துங்கள்: இன்டர்வியூ எடுப்பவராக அவர் உட்காரட்டும்.

சாப்பாடு, தூக்கம் கெட்டு எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தாலோ, உயிர் வாழ்வது குறித்து வெறுப்பாகப் பேசினாலோ வீட்டில் வைத்துப் பயிற்சி நடத்த வேண்டாம். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலி மானஸில் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள். அந்த எண்ணுக்கு அவரே டயல் செய்தால் அதுவும் ஏணியில் ஒரு படி.

வைகைக்கரை:

12 நாள்ல பயம் போகாது, இன்டர்வியூ குடுக்க முடியும். இது ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

முதல் நாலு நாள் கடையும் சட்னியும். அடுத்த நாலு நாள் வீட்டுல தினமும் மூணு தடவை, பத்து நிமிசம் போலி இன்டர்வியூ. முதல்ல நீங்க, அப்புறம் அப்பா, அப்புறம் அவளுக்குச் சரியாத் தெரியாத ஒருத்தர், உங்க கூட வேலை பாக்குறவங்க யாராவது. அன்னைக்குப் போடப்போற துணி, நிஜ ஃபைல், கதவைத் தட்டி உள்ள வர்றதுலேர்ந்து. ஒவ்வொரு தடவையும் ஒரு கேள்விக்காவது 'தெரியல சார்'னு சொல்லிட்டு, அஞ்சு செகண்ட் சும்மா இருக்கணும். அந்த அஞ்சு செகண்ட் மௌனம்தான் அவ ரொம்பப் பயப்படுறது. பதிலை மனப்பாடம் பண்ண விடாதீங்க, ஒரு வரி மறந்தா மொத்தமும் போயிரும்.

ஒரு தடவை ஃபோன்ல வீடியோ எடுங்க. பாக்குறதுக்கு முன்னாடி 'என் கை எவ்வளவு நடுங்கிருக்கும்'னு 10-க்கு மார்க் எழுதச் சொல்லுங்க. அப்புறம் சத்தத்தை அமத்திட்டு, வேற யாரையோ பாக்குற மாதிரி பாக்கச் சொல்லுங்க, திரும்ப மார்க்.

கடைசி நாலு நாள்ல ஒரு நாள் அந்த ஆபீஸ் வாசல்வரை தனியா பஸ்ல போய், வாட்ச்மேன்கிட்ட 'இன்டர்வியூ எத்தனாவது மாடிண்ணே?'ன்னு கேட்டுட்டு வரட்டும். அன்னைக்கு வண்டியை எடுக்காதீங்க அக்கா.