டவுன் பெரிய ரோட்டைப் புதுப்பிக்கப் போகிறார்கள்: கூட்டத்தில் என்ன கேட்பது?

மில்வீட்டுப் பெண்:
வணக்கம். மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், செபராங் பிறையின் தெற்கே ஒரு சின்ன டவுன் எங்களுடையது. தாத்தா காலத்திலிருந்து பெரிய ரோட்டில் மசாலா மில் வைத்திருக்கிறோம். இரண்டு பக்கமும் இரண்டாம் உலகப் போருக்கு முந்திய கடைவீடுகள், மேலே மரச் சன்னல், கீழே அஞ்சடி, அதாவது கடைக்கு முன்னால் கூரையுள்ள நடைபாதை. இந்த ரோட்டைப் பெயர்த்துப் புதிதாகப் போடப் போகிறார்கள். நான் எதிர்க்கவில்லை. குழியில் மோட்டார் சைக்கிளோடு விழுந்தவர்களை நானே தூக்கிவிட்டிருக்கிறேன்.

கவலை என்னவென்றால், அஞ்சடிக்கு ஏற மூன்று கருங்கல் படி இருந்தது என்பார் அப்பா. நான் பள்ளிக்குப் போன காலத்தில் இரண்டு. இப்போது ஒன்று, அதுவும் அரைகுறை. பழைய தாருக்கு மேலேயே புதுத் தாரைப் போட்டுப் போட்டு ரோடு படியை விழுங்கிவிட்டது. போன அக்டோபர் மழையில் தண்ணீர் மில்லுக்குள் வந்து இரண்டு மூட்டை மல்லி வீணாகிவிட்டது.

திட்டப் படத்தில் அஞ்சடி முழுக்க ஒரே சாம்பல் நிறக் கல். எங்கள் வாசலில் சிவப்பு ஓடு, பக்கத்து முடிதிருத்தும் கடையில் பச்சைப் பூப்போட்ட ஓடு. கண் தெரியாத ஒரு பாட்டி காலடியில் ஓடு மாறுவதை வைத்தே எந்தக் கடை என்று சொல்லிவிடுவார். அதைப் பெயர்க்க மனசு வரவில்லை. அடுத்த வாரம் கூட்டம். என்ன கேட்க வேண்டும்?

பிறைக்காரன்:
தங்கச்சி, இருபது வருஷம் ரோடு வேலையில் சூப்பர்வைசராக இருந்தவன் நான். விளக்கு, பூத்தொட்டி எல்லாம் அப்புறம். வேலை முடிந்ததும் ரோட்டு மட்டம் எங்கே நிற்கும் என்று முதலில் கேளுங்கள். கடை வாசற்படியிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் கீழே என்று எழுத்தில் வாங்குங்கள். ஒரு தடவை தார் போட்டால் 40, 50 மில்லி உயரும். சுரண்டி எடுக்காமல் நாலு தடவை போட்டால் ஒரு படி போச்சு. அடிமண் வரை தோண்டுவதாக இருந்தால் பழைய மட்டத்துக்கே இறக்கலாம், ஆனால் ரோட்டோர வடிகாலான லோங்காங்கின் அடிமட்டத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ரோட்டை இறக்கிவிட்டு லோங்காங்கை அப்படியே விட்டால் தண்ணீர் திரும்பி வரும்.

லோங்காங்கைக் கான்கிரீட் போட்டு மூட விடாதீர்கள். கையால் தூக்கக்கூடிய கம்பி மூடி கேளுங்கள், இல்லாவிட்டால் அடைத்த இடம் எது என்றே தெரியாது. குழாய், கேபிள் வேலை எல்லாம் மேல் தாருக்கு முன்னால் முடியட்டும்.

சுண்ணாம்புக் கரண்டி:
அக்கா, பினாங்குத் தலைநகர் ஜார்ஜ்டவுனில் பழைய வீடுகளைப் பழுதுபார்ப்பது என் தொழில். அஞ்சடி மட்டத்தைத் தூக்கிச் சுவரை ஒட்டிக் கான்கிரீட் ஊற்றுவார்கள், அங்கேதான் ஆபத்து. பழைய சுவர் செங்கலும் சுண்ணாம்பும். மண்ணின் ஈரத்தை உறிஞ்சி வெளியே ஆவியாக விட்டுக்கொண்டே இருக்கும். அடியில் சிமெண்டால் அடைத்தால் ஈரம் சுவருக்குள்ளேயே மேலே ஏறும். கடைத்தெருப் பக்கம் ஒரு வீட்டில் இடுப்புயரம் வரை உப்புப் பூத்திருந்தது. விரலை வைத்தேன், செங்கல் அரிசி மாவு மாதிரி உதிர்ந்தது. சிமெண்டை மாதக் கணக்கில் கொத்தி எடுத்தோம். அதனால் சுவரோரம் ஒரு சாண் அளவுக்குச் சரளைக்கல் விடச் சொல்லுங்கள். ஓடுகளைத் தொடாமல், உடைந்த இடத்தை மட்டும் பார்க்கட்டும்.

இன்னொன்று. ஜார்ஜ்டவுன் 2008 ஜூலை 7-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அதற்கு முன்பே, 2000-ஆம் ஆண்டு பிறந்தபோது பழைய வீடுகளின் வாடகையை ஏற விடாமல் வைத்திருந்த கட்டுப்பாடு முடிந்து, தலைமுறைகளாக இருந்த எத்தனையோ குடும்பங்கள் கிளம்பிவிட்டன. முகப்பு அழகாக இருக்கிறது, உள்ளே இருந்த மனுஷர்கள் இல்லை. உங்கள் ரோட்டில் வாடகைக்கு இருக்கும் கடைக்காரர்களையும் கூட்டத்துக்குக் கூட்டிப் போங்கள். வேலை நடக்கும் மாதங்களில் வியாபாரம் படுத்தால் முதலில் போவது அவர்கள்தான். ஒரு பக்கம் முடித்து மறுபக்கம் தொடங்கச் சொல்லுங்கள், தீபாவளிக்கு முந்திய ஆறு வாரம் தோண்டக் கூடாது என்றும் கேளுங்கள்.

தண்ணீர்மலை வாசி:
உங்கள் ஊர்த் தேர் அந்த ரோட்டில்தானே வரும்? தைப்பூசத்துக்கு முதல் நாள் ஜார்ஜ்டவுன் பினாங்கு ஸ்திரீட் கோயில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வருவதைப் பார்த்திருப்பீர்கள். வழியெல்லாம் தேங்காய் உடைப்பார்கள், அந்தத் தண்ணீர் ஓட வழி வேண்டும். தேர் திரும்பும் முனையில் நடுத்திட்டு, வளைவு, குறுக்கே நீளும் விளக்குக் கம்பம் எதுவும் வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிடுங்கள். கோயில்காரர்களிடம் தேரின் அகலம், உயரம் வாங்கிக்கொண்டு போங்கள்.

மில்வீட்டுப் பெண்:
எல்லோருக்கும் நன்றி. சுவரோரச் சரளைக்கல் எனக்குத் தோன்றவே இல்லை. இன்று காலை கடை திறக்குமுன் அளந்தேன். எங்கள் வாசலில் படி 9 சென்டிமீட்டர் மிச்சம், முடிதிருத்தும் கடையில் 4. பழைய தார் பெயர்ந்த இடத்தில் கையை விட்டுப் பார்த்தேன், இரண்டாவது படியின் விளிம்பு தட்டுப்பட்டது. கல் உடையவில்லை, மூலை அப்படியே கூராக இருக்கிறது. போட்டோ எடுத்துவிட்டேன். நாளை மீதிப் பதின்மூன்று கடைகளையும் அளக்கப் போகிறேன்.