வெள்ளத்தில் நின்ற கார்: எஞ்சினுக்கு இன்சூரன்ஸ் கிடைக்குமா?

அண்ணாமார், அக்காமார், ஒரு உதவி. கார்த்திகை மழையில் யாழ்ப்பாணம் பொம்மைவெளியில் வீட்டு முற்றத்தில் நின்ற எங்கள் வேகன் ஆர் காருக்குள் சீற் மட்டத்துக்குத் தண்ணீர் ஏறிவிட்டது. வெள்ளம் வடிந்ததும் அவசரப்பட்டுச் சாவியைத் திருப்பினேன். ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். என் மடத்தனம்!

ஃபுல் இன்சூரன்ஸ்தான், இயற்கை அனர்த்தத்துக்கும் மேலதிகமாகக் கட்டியிருக்கிறேன். ஆனால் இன்சூரன்ஸ் கம்பனியிலிருந்து பார்க்க வந்தவர், சீற், வயரிங்குக்குத் தரலாம், எஞ்சின் ஸ்டார்ட் பண்ணியதால்தான் பழுதானது, அது வெள்ளச் சேதத்தில் சேராது என்கிறார். வாய்ப்பேச்சுத்தான், கடிதம் தரவில்லை. காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் (இன்சூரன்ஸ் முறைப்பாடுகளை விசாரிப்பவர்) போவதென்றால் முதலில் கம்பனிக்கு எழுத்தில் முறையிட வேண்டும். அப்படி எழுதி எஞ்சினுக்கும் காசு வாங்கியவர்கள் இருக்கிறீர்களா? கடிதத்தில் என்ன எழுதினீர்கள்? கராஜ்காரர் எஞ்சினைக் கழற்றட்டோ என்று நிற்கிறார். அதுக்கு முதல் சொல்லுங்கோ.